ஆடாத காந்தாரம்

முதல் பதிவு ஓடி முடிவதற்குள் லீலாவதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

தோடி ராகத்தின் காந்தாரம், அந்த 'க' ஸ்வரம், அசைந்து ஆட வேண்டும். ஆடினால்தான் அது காந்தாரம். ஸ்பீக்கரில் வந்ததோ பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவே அவளுக்குப் பிடிக்கவில்லை. சுவரெல்லாம் முட்டை அட்டை. மைக்கைச் சுற்றிய பஞ்சில் எவனோ மென்ற பாக்கின் வாடை. ரெக்கார்டிங் செய்பவன் சாம்சன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன்.

பதினான்கு வருஷம் உழைத்து அவள் எழுதிய சுருதிப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் நுண்ணிய ஒலி ஒவ்வொன்றுக்கும், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை கணக்குப் போட்டிருந்தாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அந்தம்மாவுக்குப் பாட வராது" என்று அவள் பாடம் நடத்தும் இசைக் கல்லூரியில் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் வாயை அடைக்கத்தான் புத்தகத்தோடு தன் குரலையும் பதிவு செய்து சேர்க்கிறாள்.

நேற்று பகல் முழுக்கப் பாடினாள். கைப்பேசியில் சுருதி காட்டும் முள், தான் எழுதிய எண்ணை விட்டு மயிரிழையும் நகராமல் பார்த்துப் பார்த்துப் பாடினாள். கம்ப்யூட்டரில் எதையும் திருத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

"இன்னா சாம்சன் இது, மெஷின்ல போட்டு நசுக்கிட்டியா? தூ. பொணத்துக்குப் பவுடர் பூசுன மாதிரி இருக்கு."

சாம்சன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். அவன் இரண்டாவது பதிவைப் போட்டான்.

அதே குரல், அதே வரி. ஆனால் காந்தாரம் அசைந்தது. மேலே தொட்டு, கீழே வழுக்கி, நிற்பது போல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறியது. லீலாவதிக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷமாகத் தன் தொண்டையில் இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"இதுதான் நான். அது குப்பை" என்றவள் மவுஸைப் பிடுங்கி முதல் பதிவைத் தானே அழித்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டதற்கும் ஆமாம் என்று ஒரு தட்டு. காலில் ஒட்டிய அசிங்கத்தைத் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

சாம்சன் தலையைச் சொறிந்தான்.

"நீங்க அழிச்சதுதான் மேடம் நீங்க பாடுனது. அதுல நான் கையே வெக்கல. எல்லா டேக்கும் அப்டியே நின்னுக்கினு கீதேன்னுதான், பக்கத்து ஊரு பெருநகர் கோயில்ல நாயனம் ஊதறத நெனச்சிக்கினு, ஒண்ண மட்டும் மவுஸால இழுத்து இழுத்து ஆட்டி உட்டேன்."

அவன் கேலி செய்யவில்லை. உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அது அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"சேவ் பண்ண பேர் போடணும். இது இன்னா ராகம் மேடம்?"

"தோடி" என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.