தகப்பன் நிரப்ப வேண்டிய கட்டம்

"ஐயா, உங்களுக்கு இந்தக் கடன் கிடைக்காது. நீங்க வசதியானவரு."

கல்விக் கடன் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா இதைச் சொன்னபோது, வேறு யாரையோ சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரும் திரும்பிப் பார்த்தார்.

சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவன் நான். இருபத்தாறு வருஷத்தில் என்னை வசதியானவன் என்று யாரும் திட்டியதில்லை.

படிவம் முழுவதையும் மகள்தான் நிரப்பினாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம், மதிப்பெண் பட்டியல், எல்லாம் அவள் வேலை. 'ஆண்டு வருமானம், தகப்பன் தன் கையால் நிரப்ப வேண்டும்' என்றிருந்த ஒரே ஒரு கட்டம் என் பங்கு. நாற்பத்தாறு வயதில் மகளிடம் எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு அது லேசுப்பட்ட மரியாதையா? பஸ்ஸில் வரும்போது படிவத்தை மடியில் வைத்து, வண்டி நிற்கிற நிறுத்தங்களில் மட்டும் எழுதினேன்.

உள்ளதை எழுதவில்லை. உள்ளதைப்போல மூன்று மடங்கு எழுதினேன். எண்ணாலும் எழுதினேன், எழுத்தாலும் எழுதினேன்.

கடன் வாங்கிப் பழகியவனுக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் மளிகைக் கடைக்காரர் கால் கிலோ சர்க்கரையைக்கூடக் கண்ணில் காட்ட மாட்டார். மேஸ்திரியிடம் முன்பணம் கேட்கப் போனாலும் சலவைச் சட்டையில்தான் போவேன். நம்மைப் பார்த்ததும், கொடுத்த பணம் வீடு திரும்பும் என்று கொடுக்கிறவனுக்குத் தோன்ற வேண்டும். அரசாங்கமும் கொடுக்கிற ஆள்தானே. இன்று மச்சானின் கைக்கடிகாரத்தையும் இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன்.

"இது இல்லாதவங்களுக்குக் குடுக்கிற கடன்யா. இவ்வளவு சம்பாதிச்சா நீங்கதான் நாலு பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும்," என்றார் அந்த அம்மா.

பக்கத்தில் நின்ற மகள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, யாரு வருமானம் இது? முதலாளியோடதா?"

"கொஞ்சம் கெத்தா இருக்கட்டுமேன்னு..."

"கடன் கேக்க வந்த இடத்துலயா கெத்து?"

பின்னால் நின்றவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

பொய்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஏழை என்று நிரூபிக்க என் வாழ்நாளில் இவ்வளவு பாடுபட்டதில்லை. கடிகாரத்தைக் கழற்றி, ஓடாத முள்ளைக் காட்டினேன். உள்ளங்கையைக் காட்டினேன். காலரை விலக்கி, காய்த்துப்போன தோள்பட்டையையும் காட்டினேன். அந்த அம்மா பாவமாகத்தான் பார்த்தார். ஆனால் தோள்பட்டைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

முத்திரை விழுந்து எண் ஏறிய படிவத்தில் திருத்தம் கூடாதாம். அடுத்த வருஷம் வரலாமாம். இன்றுதான் கடைசி நாள். பணம் கட்டாவிட்டால் திங்கட்கிழமை அந்த இடத்தைக் கல்லூரி வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடும்.

மகள் கையிலிருந்த கல்லூரிக் கடிதத்தை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடியவில்லை.

அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. தகப்பன் எழுதப் படிக்கத் தெரியாதவரா இருந்து, வேற யாரோ தப்பா நிரப்பிக் குடுத்திருந்தா, புதுப் படிவம் குடுக்கலாம். அவரு கைநாட்டு வச்சா போதும். கூட வந்தவங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்." என்னை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன்.

"தெரியாது," என்றாள் மகள்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

புதுப் படிவம் வந்தது. வருமானத்தையும் இந்த முறை அவளே எழுதினாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிபந்தனைகளை வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. அந்த அம்மா விரல் வைத்து வாசித்தார். எனக்குத் தலைகீழாக இருந்த தாளை நானும் கூடவே வாசித்தேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும். வட்டி அதற்கு முன்பே தொடங்கும். மூன்று தவணை தவறினால் தகப்பனின் கூலியில் பிடித்துக்கொள்ளப்படும்.

அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் வாசிக்காமல் தாண்டிப் போனார். அவசரமோ, இரக்கமோ.

ஒரு வரி விட்டுப்போச்சும்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகளின் செருப்பு என் காலை மிதித்தது.

"புரிஞ்சுதாய்யா?"

"நீங்க சொன்னாச் சரிதாம்மா," என்றேன். படிக்காதவன் குரல் எனக்கு மறந்துபோகவில்லை. நாற்பத்தாறு வருஷம் அந்தக் குரலில்தானே பேசினேன்.

கட்டைவிரலில் மை தடவி அழுத்தினார். முதல் தடவையே சுத்தமாக விழுந்தது. நல்லா வந்திருக்கு என்று பாராட்டவும் செய்தார்.

'இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியின் கீழே மகள் கையெழுத்துப் போட்டாள்.

இன்னும் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் சேருகிறவர்கள் மட்டும் நிரப்ப வேண்டியது. அதையும் தலைகீழாகவே வாசித்தேன்.

'இதற்கு முன் யாருக்காவது எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா? ஆம் எனில், கற்றவரின் பெயர். வட்டியில் பாதி தள்ளுபடி.'

மகள் என் விரலில் காயாமல் இருந்த மையைப் பார்த்தாள்.

இல்லை என்று எழுதினாள்.