துணி துவைத்த கல்

மலையடிவாரத்தில் ஓர் எல்லைக்கல் நின்றது. துணி வெளுக்கும் பூவாயிக்கு வீடு இந்த நாட்டில், ஓடை அந்த நாட்டில். தண்ணீருக்குப் போன அவள் புருஷனைச் சிப்பாய்கள் பிடித்துப் போனார்கள். அவன் திரும்பவே இல்லை.

அவளுடைய கழுதை ஒருநாள் கல்லிடம் கேட்டது.

"ஏண்ணே, உன்னை எதுக்கு இங்க நட்டாங்க?"

"நான் அந்த ஓடையில துணி துவைக்கிற கல்லா கிடந்தவன் தம்பி. எல்லை பிரிக்க வந்த வெள்ளைக்காரத் துரையோட குதிரை இங்க வந்ததும் நொண்டிச்சு. 'இப்போதைக்கு இங்கயே நடுங்க, நாளைக்கு அளந்து மாத்திக்கலாம்'னாரு. மறுநாளே கப்பலேறிட்டாரு."

"அப்போ நீ இல்லேன்னா எல்லையும் இல்லையாண்ணே?" என்றது கழுதை.

"ஓங்கி ஒரு உதை விடு தம்பி. நான் விழுந்துடுறேன்."

கழுதை உதைத்தது. கல் சாய்ந்தது.

விடிந்ததும், "அவன்தான் தள்ளினான்" என்று இரு நாட்டுச் சிப்பாய்களும் சுட்டுக்கொண்டார்கள். பூவாயியின் கூரை எரிந்தது. குறுக்கே மாட்டிய கழுதை செத்தது.

சண்டை ஓய்ந்தபின் இரு பக்கத்து அதிகாரிகளும் வந்து, நூல் பிடித்துப் பார்த்து, இம்மியும் பிசகாமல் அதே குழியில் கல்லை நட்டார்கள்.

"துரைகூட என்னை இவ்வளவு கவனமா நடலையே தம்பி" என்றது கல்.

கேட்கத்தான் கழுதை இல்லை.