பசியில்லாத பிள்ளை

பசும்பால் தாய்ப்பாலின் வழியாகப் போனாலும் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இசைவாணி பால், தயிர், நெய் எதையும் தொடவில்லை. மகனின் உடம்பில் இருந்த தடிப்புகள் மறைந்தன. நாத்தனார் பூங்குழலி தன் கைக்குழந்தையோடு வந்து தங்கியபோது அவை திரும்ப வந்தன. மலத்தில் ரத்தமும் தெரிந்தது.

இசைவாணி ரசத்தை முகர்ந்து பார்த்தாள்.

"நெய்யில தாளிச்சீங்களா அத்தை?"

"என் பேரனுக்கு நானே விஷம் வைப்பேனாம்மா?" மாமியாரின் குரல் உடைந்தது.

அந்தக் குரலையும் அவள் நம்பவில்லை. தனியாகச் சமைத்து, பாத்திரத்தைத் தன் அறைக்கே எடுத்துப் போனாள். தடிப்புகள் பரவிக்கொண்டுதான் இருந்தன. இப்போதெல்லாம் மகன் அவளிடம் சரியாகப் பால் குடிப்பதுமில்லை.

ஒரு காலை, குளிக்கப் போனவள் துண்டெடுக்கத் திரும்பி வந்தாள். வீறிட்டுக்கொண்டிருந்த மகனின் குரல் சட்டென்று அடங்கியிருந்தது. கதவைத் தள்ளினாள். கட்டிலில் பூங்குழலி. பக்கத்தில் பாதி குடித்த பால் டம்ளர். மடியில் இவள் மகன், கண்ணை மூடி அவளிடம் குடித்துக்கொண்டிருந்தான்.

"பசியில துடிச்சான் அண்ணி. உங்களுக்குப் பால் பத்தலையோன்னுதான்... தாய்ப்பால்தானே, என்ன பண்ணிடப் போவுது?"

இசைவாணி மகனை வாங்கி மார்போடு அணைத்தாள். அவன் இரண்டு வாய் உறிஞ்சினான். பிறகு வாயை எடுத்துவிட்டு, அழுதபடி பூங்குழலியின் பக்கம் திரும்பினான்.