மிருதுவான விசை

"பச்சைப் பெட்டி வாங்கிட்டு வான்னா சிவப்புப் பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கே. கண்ணு அவிஞ்சு போச்சா?" கேட்டு முடிப்பதற்குள் கார்லண்டின் கை நெல்டாவின் கன்னத்தில் இறங்கிவிட்டது.

"பச்சை தீர்ந்துபோச்சுன்னாங்க. தோட்டா எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்." உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள் அவன் மனைவி.

"நீ நெனச்சே. உனக்கெல்லாம் மூளை ஒரு கேடு." சர்ச்சுக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட மாற்றாமல், கார் ஷெட்டில் மேசை முன் உட்கார்ந்து, சிவப்புப் பெட்டித் தோட்டாக்களைக் கைத்துப்பாக்கியில் நிரப்ப ஆரம்பித்தான்.

கார்லண்டுக்குக் கம்பெனிக்காரன் செய்ததும் பிடிக்காது, பெண்டாட்டி செய்ததும் பிடிக்காது. துப்பாக்கியோடு வந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, எவனோ தயாரித்த மிருதுவான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டிருந்தான். விசை வெண்ணெய் மாதிரி இறங்குகிறதாம். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து வைத்து இதே பிரசங்கம்தான்.

போன மாதம் கொல்லையில் கறி சுட்ட அன்று, ஷெரிஃப் ஆபீஸில் டெபுடிப் போலீஸாக இருக்கும் அவன் சிநேகிதன் பர்ல் மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "சுகமாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு அடிக்கிற பலம் கம்மிடா. சில கம்பெனித் தோட்டாவுக்குப் பின்பக்கம் கெட்டி, அதுக்கு ஒத்துவராது."

"என் கை பட்ட துப்பாக்கி கூழாங்கல்லைப் போட்டாலும் வெடிக்கும்" என்று சிரித்தான் கார்லண்ட். டீ ஊற்றிக்கொண்டு நின்ற நெல்டாவைப் பார்த்து, "உனக்கென்னடி இங்க வேடிக்கை? உள்ளே போ" என்று விரட்டினான்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் சொல்லி வந்தது ஒன்றுதான். வாசலைத் தாண்டினால் தோட்டா. அதை நினைத்தே எத்தனையோ தடவை கட்டிய துணிப்பெட்டியை அவள் மறுபடி பிரித்து அடுக்கியிருக்கிறாள்.

கடைசித் தோட்டாவும் உள்ளே போகும்வரை நெல்டா அங்கேயே நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய்த் துணிப்பெட்டியோடு வந்தாள்.

"அபிலீனுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன், கார்லண்ட். இனி வரமாட்டேன்."

அவன் நிதானமாக எழுந்தான். துப்பாக்கி அவள் முகத்துக்கு நேராக உயர்ந்தது. "சொன்னதைச் செய்யறவன் நான்."

விசையை இழுத்தான். 'டிக்' என்றது.

நெல்டாவுக்கு உயிரே போய் வந்தது. கார்லண்ட் பழகிய கைக்காரன். துப்பாக்கியின் அடியைத் தட்டி, மேல்பாகத்தை இழுத்துவிட்டான். வெடிக்காத தோட்டா தரையில் துள்ளி விழுந்தது. மறுபடி இழுத்தான். மறுபடியும் 'டிக்'.

வெறி தலைக்கேற, துப்பாக்கியாலேயே அவள் நெற்றியில் ஓங்கி அடித்தான். மேசைமேல் சாய்ந்தவளின் கையில், அவன் துப்பாக்கி பிரிக்கும் பித்தளைச் சுத்தியல் அகப்பட்டது. முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்தது முழங்காலில். அவன் சுருண்டு விழுந்து ஊளையிட்டான். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்னொன்றும் போட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி போன் செய்து, வந்து இறங்கியவன் பர்ல். கீழே கிடந்த தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கார்லண்டிடம் நீட்டினான்.

"பாருடா, நகம் கீறின மாதிரி ஒரு தடம். சிவப்புப் பெட்டி கெட்டி, இந்த ஸ்பிரிங்குக்கு வெடிக்காதுன்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்." பிறகு நெல்டாவிடம் திரும்பினான். "பழைய ஸ்பிரிங்கே இருந்திருந்தா இந்நேரம் உங்களைத் துணி போட்டு மூடியிருப்போம்மா. ஆயுசு கெட்டி உங்களுக்கு."

கார்லண்டை அள்ளி வண்டியின் பின் சீட்டில் போட்டார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே காறித் துப்பினான்.

"பச்சைப் பெட்டி மட்டும் இருந்திருந்தா நீ செத்திருப்பேடி. உன் முட்டாள்தனந்தான் உன்னைக் காப்பாத்திச்சு."

நெற்றியில் ஈரத்துணியை அழுத்திப் பிடித்தபடி, நெல்டா ஜன்னலருகே குனிந்தாள்.

"கடையில அலமாரி பூரா பச்சைதான் இருந்துச்சு, கார்லண்ட்."