வலியைத் திருப்பிக் கேட்டவள்

“என் வலியைத் திருப்பிக் குடுங்க டாக்டர்.”

ஹாக்கி அணியில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். முத்துப்பேச்சி கேட்டேவிட்டாள்.

அணி டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “முழங்கால்ல வலி சைபர்னு காட்டுது, பாரும்மா. வலியே இல்லாம என்ன காயம்? ஞாயித்துக்கிழமை நீ ஆடுற.”

“வலியை அமுக்குற சிப்பை உள்ள வச்சதே நீங்கதானே? அது எப்படி வலின்னு சொல்லும்? கால் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு. திரையை விட்டுட்டுக் காலைப் பாருங்க.”

“சிப்பை எடுத்தா டீம்ல இடம் கிடையாது. உங்க ஊரு கோவில்பட்டிக்கே திரும்பிப் போய்க் கட்டாந்தரையில ஆட வேண்டியதுதான்.”

“கட்டாந்தரையில ஆடவும் கால் வேணும்லா?”

ஜன்னலுக்கு வெளியே மைதானத்துக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். அந்த ஈரத் தரையில் பந்தை மட்டையோடு இழுத்துவந்து கோலுக்குள் சுண்டும் ஒரு நொடிக்காக அவள் எதையும் கொடுப்பாள். இத்தனை நாளும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். இன்று அவள் வழக்கமாக அடிக்கும் பெனால்டி கார்னரை வேறொருத்தி அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

“எடுங்க” என்றாள்.

எடுத்து முடித்ததும் எழுந்து வெளியே வந்தாள். முதல் படியில் கால் வைத்ததுமே வலி சுரீரென்று இடுப்புவரை ஏறியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் இறங்கினாள். கோல் பலகையில் பந்து மோதும் சத்தம் வாசல்வரை கூடவே வந்தது.