இரக்கமில்லாத விருந்து

“உங்க ஹெட்மாஸ்டருக்கு ஈவு இரக்கமே கிடையாதா, பாங் சார்?”

தலையைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் வந்தார் வாரன். இங்கிலீஷ் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து கொரியாவுக்கு வந்தவர்.

“நேத்து விருந்துல உங்க ஊர் சாராயம் சோஜூவை ஊத்தி ஊத்தியே கொன்னுட்டார்! அதுவும் வயித்துல ஒரு கையை வெச்சுக்கிட்டு, அவ்வளவு பணிவா!”

“போதும்னு சொல்ல வேண்டியதுதானே?”

“பெரியவர்கிட்ட எப்படி சார் சொல்றது? எனக்குப் போதும்னு அவருக்கே புரியட்டும்னுதான் ஒவ்வொரு தடவையும் கிளாஸைக் காலி பண்ணி வெச்சேன்.”

பாங் தலையிலடித்துக்கொண்டார்.

“அடப்பாவி மனுஷா! காலி கிளாஸைப் பார்த்துட்டு ஊத்தாம இருந்தா இங்க மரியாதை இல்லை. கூடவே அவரும் குடிக்கணும். வயித்துல கை வெச்சது பணிவுல இல்ல, அல்சர் வலியில! இப்பத்தான் ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வரேன்.”

“ஐயோ! என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“‘அந்த அமெரிக்காக்காரருக்கு ஈவு இரக்கமே கிடையாதா’ன்னு கேட்டார்.”