இடப்பக்கத்துக் கல்

ராஜகிரி மலை உச்சியில் பட்ட வெயில் இன்னும் கடைவீதிக்கு இறங்கவில்லை. அப்பாவின் மளிகைக்கடைப் பின்கட்டில் தேவநாதன் இரும்புக் குழாயை மார்பிலிருந்து தலைக்கு மேல் தள்ளுகிறான். குழாயின் இரு முனைகளிலும் பழைய மணங்கு எடைக்கற்களைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். கிலோ வந்தபின் கடையில் அவற்றுக்கு வேலையில்லை. ஒரு சுற்றுக்கு ஐந்து முறை, தினமும் மூன்று சுற்று. வலது கை நிமிர்ந்துவிடுகிறது. சின்ன வயதில் முறிந்த இடது கை, இருபது நாளாகியும் பாதியில் நின்று நடுங்குகிறது. இன்றும் எழவில்லையென்றால் விட்டுவிடுவது என்றுதான் வந்திருக்கிறான். "உன் இடது கை இன்னாடா, விருந்துக்கு வந்திருக்குதா?" என்கிறான் கூடவே குழாய் தூக்கிப் பழகும் தனகோட்டி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடியானவன் மகன். "குழாய திருப்பிப் புடி, பாக்கலாம்."

தேவநாதன் முனை மாற்றிப் பிடித்துத் தூக்குகிறான். இடது கை நேராக மேலே போகிறது. இப்போது வலது கை திணறுகிறது. இருவரும் குழாயை இறக்கி, வலப்பக்கம் வந்துவிட்ட அந்தக் கல்லை அவிழ்த்துக் கவிழ்க்கிறார்கள். எடை கூடுவதற்காக அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் குடைந்து ஈயம் ஊற்றியிருக்கிறது. "எங்க மல்லாட்டைய இதுலதான நிறுத்து எடுத்தாரு உங்கப்பா," என்கிறான் தனகோட்டி. குரல் உயரவில்லை. "எத்தினி வருசம்டா?"

முன்பக்கம் அப்பா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் கேட்கிறது. தேவநாதன் கல்லின் வளையத்தை இடது கையால் பிடித்துத் தூக்கி நீட்டுகிறான். "எடுத்துக்கினு போ. உங்க நைனாகிட்ட காட்டு." தனகோட்டி உடனே வாங்கவில்லை. தேவநாதன் இடது கையை இறக்காமல் நிற்கிறான்.